கற்கும் ஊக்கமும் சமூக ஊடகமும்

கல்வி கற்கும் ஒருவருக்கு வேண்டுவன பல. நூல் வேண்டும், ஆசிரியர் வேண்டும், அமர்ந்து படிக்க இடம் வேண்டும், பசி தீர உணவும் வேண்டும். இவற்றைப் பெற்றோர் தரலாம், அரசு தரலாம், அன்புடையார் பிறரும் தரலாம். ஆயின், பிறர் எவராலும் தர இயலாத ஒன்றும் உண்டு. 'இதனை நான் கற்றே தீர்வேன்' என்று உள்ளத்தில் எழும் முனைப்பே அது. அதனையே கற்கும் ஊக்கம் என்கிறோம். ஊக்கம் இல்லாதவர் கையில் உள்ள நூல், ஏற்றப்படாத விளக்கைப் போன்றது.

திருவள்ளுவர் ஊக்கமுடைமையைத் தம் நூலின் 60-ஆம் அதிகாரமாக வைத்தார். அதனை அடுத்து மடியின்மையை வைத்தார். அதற்கு அடுத்து ஆள்வினையுடைமையை வைத்தார். முதற்கண் உள்ளத்தில் ஊக்கம் எழ வேண்டும். பின்பு அதனைக் கெடுக்கும் சோம்பல் நீங்க வேண்டும். அதன் பின்னரே இடைவிடாத முயற்சி நிகழும். இம்முறைவைப்பு ஆள்வோர்க்கு மட்டும் அன்றிக் கற்போர்க்கும் பொருந்துவதாகும்.

இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்தம் கையிலும் கருத்திலும் சமூக ஊடகம் இடம் பெற்றுவிட்டது. அதனால் கற்கும் ஊக்கம் வளர்கிறதா, தேய்கிறதா? தேய்கிறது எனின், அஃது எவ்வாறு நிகழ்கிறது? அதனைத் தடுப்பது யார் கையில் உள்ளது? இவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

புழலும் அதன் பிள்ளைகளும்

சென்னை மாநகரின் வடமேற்கே அமைந்த ஊர் புழல். தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்த பழங்காலத்தில், அவற்றுள் ஒன்று புழற்கோட்டம் எனப் பெயர் பெற்றிருந்தது. இன்று அவ்வூர் மாநகராட்சியின் ஒரு பகுதியாகும். ஒருபுறம் நகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரி பரந்து கிடக்கிறது. மற்றொருபுறம் கொல்கத்தா நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் சரக்கு லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. வடக்கே செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் உள்ளன. கிழக்கே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உள்ளது. அதற்கும் அப்பால் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் எனக் கடலோரத் தொழிற்பகுதி நீண்டு கிடக்கிறது.

இப்பகுதியில் வாழ்வோருள் பலர் உழைத்து உண்பவர். தந்தை விடியுமுன் வேலைக்குப் புறப்படுவார்; தாயும் ஏதேனும் ஓர் ஆலைக்கோ கடைக்கோ செல்வார். பிள்ளைகளுக்கென அவர்கள் சேர்த்து வைக்கும் பொருள் பெரிதாக இராது. 'எம் பிள்ளை படித்து முன்னேற வேண்டும்' என்னும் ஆசையே அவர்கள் சேர்த்து வைத்த செல்வம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஊக்கம் குன்றினாலும், தாங்கிப் பிடிக்க வேறு துணைகள் உண்டு. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைக்கோ ஊக்கமே முதல். அம்முதலுக்கு இழப்பு நேருமாயின் ஈடு செய்வது அரிது. ஆதலின், இவ்வாராய்ச்சி புழல் போன்ற ஊர்களின் மாணவர்க்கு மிகவும் இன்றியமையாதது.

ஊடகத்தின் பரவல்

முகநூல் 2004-ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005-ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009-ஆம் ஆண்டிலும், இன்ஸ்டாகிராம் 2010-ஆம் ஆண்டிலும் தோன்றின. 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டின் 28 மாவட்டங்களில், ஊர்ப்புறங்களில் வாழும் 14 முதல் 18 வயது வரையுள்ள இளைஞரிடம் 'ஏசர்' என்னும் கல்வி ஆய்வு நடத்தப்பட்டது. தமிழகத்தில் பெரம்பலூர் மாவட்டம் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. கைப்பேசியைக் கையாளத் தெரிந்த இளைஞருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர், ஆய்வுக்கு முந்திய வாரத்தில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியிருந்தனர். அதே வாரத்தில் ஏதேனும் ஒரு வகையில் படிப்புக்காகக் கைப்பேசியைப் பயன்படுத்தியோர் மூன்றில் இரண்டு பங்கினர். ஊர்ப்புறங்களின் நிலையே இதுவாயின், நகர்ப்புறத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

"கூத்தும் நாடகமும் திரைப்படமும் வந்த காலத்திலும் முதியோர் இவ்வாறே அஞ்சினர் அல்லரோ?" என்று நீங்கள் வினவலாம். தக்க வினாவே. ஆயினும், ஒரு வேறுபாட்டை நோக்குங்கள். திரைப்படத்திற்கு ஒரு முடிவு உண்டு. படம் முடிந்ததும் விளக்குகள் எரியும், கதவுகள் திறக்கும், மக்கள் வீடு திரும்புவர். நூலுக்கும் இறுதிப் பக்கம் உண்டு. சமூக ஊடகத்திற்கோ இறுதிப் பக்கம் இல்லை. 2006-ஆம் ஆண்டில் ஆசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், விரலால் தள்ளத் தள்ளப் புதிய செய்தி வந்துகொண்டே இருக்கும் அமைப்பை ஆக்கினார். பின்னாளில் அதன் விளைவைக் கண்டு அவரே வருந்தினார். நிறுத்தும் இடம் இல்லாதபோது, நிறுத்தும் எண்ணமும் எளிதில் எழுவதில்லை.

இவ்வூடகங்களை நாம் பெரும்பாலும் கட்டணம் இன்றிப் பயன்படுத்துகிறோம். ஆயின், அவற்றை நடத்தும் நிறுவனங்கள் விளம்பரத்தால் பெரும்பொருள் ஈட்டுகின்றன. நாம் எத்துணை நேரம் பார்க்கிறோமோ அத்துணை விளம்பரம் நம் கண்ணில் படும். ஆகவே, நம் கவனமே அங்கு விற்கப்படும் பண்டமாகிறது. இதனை உணர்ந்தவரே ஊடகத்தின் இயல்பை உணர்ந்தவர் ஆவர்.

முந்தி வரும் இன்பமும் பிந்தி வரும் இன்பமும்

கல்வியின் இன்பம் பிந்தி வருவது. வள்ளுவர் கல்வியை மணற்கேணிக்கு ஒப்பிட்டார். ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டுவோர்க்கு முதலில் உலர்ந்த மணலே கிடைக்கும். பின்பு ஈரமணல் கிடைக்கும். மேலும் தோண்டிய பின்னரே நீர் சுரக்கும். கணக்கு ஒன்றைப் போடும் மாணவரும் இந்நிலையினரே. முதல் முயற்சியில் விடை வருவதில்லை. இரண்டாம் முயற்சியில் வழி சிறிது புலப்படும். மூன்றாம் முயற்சியில் விடை கிட்டும். அப்போது உண்டாகும் மகிழ்ச்சி பெரிது. அதனை ஒருமுறை சுவைத்தவர் அடுத்த கணக்கையும் தாமே தேடிச் செல்வர். ஊக்கம் வளரும் முறை இதுவே.

ஊடகத்தின் இன்பமோ முந்தி வருவது. விரலை அசைத்த அளவில் ஒரு நகைச்சுவை. மீண்டும் அசைத்தால் ஒரு பாட்டு. மீண்டும் அசைத்தால் ஒரு விளையாட்டு. அவற்றுள்ளும் எல்லாம் இனிப்பதில்லை. சில இனிக்கும், சில சலிக்கும். எப்போது இனிப்பது வரும் என்பது தெரியாது. அத்தெரியாமையே நம்மைப் பிணிக்கும் கயிறாகும்.

ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இதனைப் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்தார். கூண்டில் உள்ள பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி அமைத்தார். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தானியம் பெற்றுப் பழகிய பறவை, தானியம் நின்றவுடன் விரைவில் கொத்துவதை விட்டது. எப்போது விழும் என்று அறிய இயலாதபடி, சிலமுறைக்கு ஒருமுறை தானியம் பெற்ற பறவையோ, அது நின்ற பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. சூதாடுவோர் எழுந்து செல்ல இயலாமல் அமர்ந்திருப்பதும் இதனாலேயே. கைப்பேசியை அடிக்கடி எடுத்துப் பார்க்கும் பழக்கத்திற்கும் இத்தகைய அடிப்படை உண்டு.

முந்தி வரும் இன்பத்திற்குப் பழகிய உள்ளம், பிந்தி வரும் இன்பத்திற்காகக் காத்திருக்கத் தயங்கும். ஈரமணலைக் கண்டவுடனே 'இங்கு நீர் இல்லை' என்று எழுந்துவிடும். மாணவருக்கு அறிவு குறைந்தது என்பதன்று. காத்திருக்கும் ஆற்றல் குறைந்தது. சமூக ஊடகத்தால் கல்விக்கு விளையும் கேடுகளுள் தலையாயது இதுவே என்க.

நம் வடசென்னைத் துறைமுகத்தோடு தொடர்புடைய ஒருவர் வரலாற்றை இங்கு நினைவு கூர்வோம். கணித மேதை இராமானுசனுக்கு 1903-ஆம் ஆண்டளவில், பள்ளி மாணவராக இருந்தபோது, கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று கிடைத்தது. அதில் உள்ள தேற்றங்களைத் தாமே மெய்ப்பித்துப் பார்க்கத் தொடங்கினார். வறுமை வருத்தியது, கல்லூரித் தேர்விலும் தோல்வி நேர்ந்தது. 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். மாத ஊதியம் 30 ரூபாய். அப்போதும் கணிதத்தைக் கைவிட்டாரல்லர். 1913-ஆம் ஆண்டு சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடலே உலகின் கவனத்தை அவர்பால் திருப்பியது. நூலைப் பெற்றதற்கும் அம்மடலுக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. அத்தனை ஆண்டும் அவரைத் தாங்கியது பிறர் பாராட்டு அன்று. கணக்கின்பால் அவர் கொண்ட காதலே.

புகழ்ப் பசி

சமூக ஊடகத்தில் ஒருவர் ஒரு படத்தை இட்டால், கண்டவர்கள் 'லைக்' என்னும் விருப்பக்குறி இடுவர். முகநூலில் இக்குறி 2009-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. பாராட்டு மக்களுக்கு இனியதே. அதனை விரும்புவது குற்றம் அன்று. ஆயினும், பாராட்டுக்காகவே ஒன்றைச் செய்யத் தொடங்கினால் அச்செயலின்பால் உள்ள இயல்பான அன்பு என்னாகும்?

1973-ஆம் ஆண்டு லெப்பர் முதலிய மூன்று அமெரிக்க அறிஞர் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய சிறு குழந்தைகளைத் தெரிந்தெடுத்தனர். ஒரு சாராரிடம், 'வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம்' என்று முன்னரே கூறிப் பரிசு தந்தனர். வேறொரு சாராருக்கு முன்கூட்டிக் கூறாமல் இறுதியில் தந்தனர். மற்றொரு சாராருக்கு ஒன்றும் தரவில்லை. சில நாள் கழித்து எல்லாக் குழந்தைகளையும் தம் விருப்பம்போல் விளையாட விட்டனர். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், ஏனைய குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். விளையாட்டாக இருந்தது பரிசுக்கான வேலையாக மாறிவிட்டது. பரிசு இல்லாதபோது வேலையும் இனிக்கவில்லை.

அவ்வாய்வு கைப்பேசியைப் பற்றியது அன்று. ஆயினும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. படித்தேன் என்று காட்டுவதற்காகப் படிப்பது வேறு. அறிவதற்காகப் படிப்பது வேறு. விரித்து வைத்த நூலைப் படம் எடுத்து இட்டு, அதற்கு எத்தனை விருப்பக்குறி வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவருக்கு, அந்நூலின் உள்ளே புக நேரம் ஏது?

மேலும், கல்வி தொடங்கும் இடம் 'எனக்குத் தெரியவில்லை' என்னும் உணர்வாகும். ஊடகமோ தெரிந்ததைக் காட்டவும் தெரியாததை மறைக்கவும் தூண்டுவது. 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையரிடம், தாம் கற்ற நூல்கள் எவை என்று சேலம் இராமசாமி முதலியார் கேட்டார். ஐயர் பல நூல்களைக் கூறினார். முதலியார் அவற்றை வியவாமல், சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். ஐயர் அவற்றைக் கற்றிருக்கவில்லை. அதனை மறைக்காமலும், வினவியவரை வெறுக்காமலும், அந்நூலைப் பெற்றுப் படிக்கலானார். விளங்காதவற்றைச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887-ஆம் ஆண்டு சிந்தாமணியைப் பதிப்பித்தார். 'தெரியாது' என்று ஒப்பிய ஓர் உள்ளத்திலிருந்தே தமிழுக்கு அப்பெருஞ்செல்வம் மீண்டு வந்தது.

மாணவர் ஏன் அங்குச் செல்கின்றனர்?

ஊடகத்தை மட்டும் பழித்து நிறுத்துதல் நடுவுநிலைமை ஆகாது. டெசி, ரயன் என்னும் உளநூல் அறிஞர் இருவர், ஊக்கம் தழைக்க மூன்று தேவைகள் நிறைவுற வேண்டும் என்று விளக்கினர். தாமே தெரிந்து செய்யும் உரிமை ஒன்று. 'என்னால் இயலும்' என்னும் நம்பிக்கை ஒன்று. 'இவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள்' என்னும் உறவு ஒன்று. வகுப்பில், 'உனக்குப் படிப்பு வராது' என்னும் சொல்லையே கேட்ட மாணவருக்கு இம்மூன்றும் கிடைப்பதில்லை. வீட்டிலும் பேசுவதற்கு ஆள் இல்லையாயின், அவர் கைப்பேசியில் உறவைத் தேடுவது வியப்பன்று. ஆகவே, பிள்ளையின் கையில் உள்ள கருவியைக் குறை கூறுமுன், அதில் அவர் எதனைத் தேடுகிறார் என்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உணவு உண்ணும்போதும் கைப்பேசியைக் கீழே வையாத பெரியோரின் அறிவுரை பிள்ளைகள் செவியில் ஏறாது என்பதனையும் உணர்தல் வேண்டும்.

கருவியால் விளைந்த நன்மை

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் பள்ளிகள் மீண்டும் திறக்கப்படும் வரை, இடையில் சில திங்கள் நீங்கலாக, வீடே பள்ளியாயிற்று. அந்நாளில் பாடங்கள் வாட்ஸ்அப் வழியாகவும், யூடியூப் வழியாகவும், 2019-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் மாணவரை அடைந்தன. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் இரவில் அவர் திரும்பும் வரை காத்திருந்து பாடம் படித்ததும் உண்டு. கருவி அவர்களுக்குப் பகையாக இருக்கவில்லை. கற்கும் ஊக்கம் முன்னே நின்றது, கருவி அதற்கு ஏவல் செய்தது.

2022-ஆம் ஆண்டில் 81 நாடுகளில், 15 வயது மாணவரிடம் 'பிசா' என்னும் உலக ஆய்வு நடத்தப்பட்டது. பள்ளியில் நாள்தோறும் ஒரு மணி நேரம் வரை கற்றலுக்காக மின்கருவிகளைப் பயன்படுத்திய மாணவர், அறவே பயன்படுத்தாதவரைக் காட்டிலும் கணக்கில் 14 புள்ளி மிகுதியாகப் பெற்றிருந்தனர். கணக்கு வகுப்பில் பிறர் கருவிகளைக் கையாள்வதால் கவனம் சிதறிய மாணவரோ, ஏனையோரைவிட 15 புள்ளி குறைவாகப் பெற்றிருந்தனர். கருவி ஒன்றே, பயன் இரண்டு. அளவும் நோக்கமுமே அப்பயனை வேறுபடுத்துகின்றன.

வேலியும் காவலும்

இக்கேட்டைத் தடுக்க அரசுகள் வேலி இடுகின்றன. ஆஸ்திரேலிய நாட்டில் 16 வயதுக்கு உட்பட்டோர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்வதைத் தடுக்கும் சட்டம் 2024-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2025-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில், 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் டிக்டாக் முதலிய 59 செயலிகளை நடுவண் அரசு வேறு காரணங்களுக்காகத் தடை செய்தது. டிக்டாக் மறைந்தது, அதனைப் பார்த்தவர்கள் வேறு ஊடகத்தின் குறும்படங்களுக்குச் சென்றனர். வேலி நல்லதே. ஆயினும், பயிரைக் காக்க உழவரின் கண்ணும் வேண்டும்.

மாணவர்களே! நீங்களே மேற்கொள்ளத்தக்க காவல் முறைகள் சில உண்டு. படிக்கும்போது கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். அல்லது தாயாரிடம் தந்துவிடுங்கள். செய்தி வந்தவுடன் மணி ஒலிக்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். ஊடகத்திற்கு நாளில் ஒரு நேரம் வகுத்துக்கொண்டு, அந்நேரம் முடிந்ததும் நீங்களே நிறுத்துங்கள்; அதுதான் முடிவின்றி ஓடும் என்று முன்னரே கண்டோம். 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. அவ்வுறக்கத்தை ஊடகத்திற்குப் பலி கொடாதீர்கள். கடினமான பாடத்தைக் கண்டதும் கைப்பேசியை நாடும் எண்ணம் எழுந்தால், 'இஃது ஈரமணல். இன்னும் சிறிது தோண்டினால் நீர் வரும்' என்று உங்களுக்கு நீங்களே கூறிக்கொள்ளுங்கள். விளங்காததை ஆசிரியரிடம் வெட்கமின்றிக் கேளுங்கள். விளங்கியதை உடன் பயில்வோர்க்கு எடுத்துரையுங்கள்.

புழல் ஏரி ஏறத்தாழ 330 கோடி கன அடி நீர் கொள்ளும் பேரேரி. 1876-ஆம் ஆண்டு முதல் அது சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கமாக விளங்குகிறது. தேக்கிய நீரை வேண்டும் அளவில் வேண்டும் திசையில் விடுவதற்கு மதகு உண்டு. மதகு எந்நேரமும் திறந்தே கிடக்குமாயின், எத்துணைப் பெரிய ஏரியும் நில்லாது. உங்கள் காலமும் கவனமும் உங்களிடம் தேங்கிய நீர். அவற்றை ஊடகத்தின் பக்கம் சிறிது திறந்து விடலாம்; திறந்தே விட்டுவிடலாகாது. அம்மதகைத் திறக்கவும் அடைக்கவும் உரியவர் நீங்களே.

2019-ஆம் ஆண்டு மழை பொய்த்தமையால் அவ்வேரி வறண்டது. அப்போது சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் சென்னைக்கு நீர் கொண்டுவந்தனர். ஏரி வறண்டால் வேற்றூரிலிருந்து நீர் கொணரலாம். உள்ளத்தில் ஊக்கம் வறண்டால் அதனை எவ்வூரிலிருந்தும் எவராலும் கொணர இயலாது. ஆதலின், அதனை இளமையிலேயே காத்துக்கொள்ளுங்கள்.